டெல்டா மீத்தேனும் சுரங்க மீத்தேனும் ஒன்றா?

கேள்வி: குன்னூர் வாசகர், மே 18, காலை

மன்னார்குடிப் பக்கம் மீத்தேன் எடுக்கவே கூடாது என்று தமிழ்நாடே எதிர்த்து நின்றது. ஆனால் நிலக்கரிச் சுரங்கங்களில் நூறு வருஷமாக மீத்தேன் எடுக்கிறார்கள், அதை யாரும் எதிர்க்கவில்லையே என்று என் மாமா மகன் கேட்கிறான். இரண்டும் ஒரே வேலைதானா? சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள் ஐயா.

மே 18, இரவு

வாயு ஒன்றுதான், வேலை வேறு. சுரங்கத்தில் மீத்தேனை இழுப்பது உள்ளே இறங்கியவர்கள் உயிரோடு மேலே வருவதற்காக. டெல்டாவில் எடுக்க நினைத்தது விற்பதற்காக. நூறு வருஷமாக எடுக்கிறார்கள் என்பதும் சரியில்லை. முறையாக எடுக்க ஆரம்பித்து இன்னும் நூறு வருஷம் ஆகவில்லை. எடுக்க முடியும் என்று தெரிந்து முந்நூறு வருஷம் ஆகப்போகிறது. இந்த இடைவெளியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நான் கோத்தகிரிக்காரன். ஜார்க்கண்டில் ஜாரியா பக்கம் ஆழமான நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் வென்டிலேஷன் செக்ஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காற்றும் வாயுவும்தான் என் வேலையாக இருந்தது. நாளை உட்கார்ந்து எழுதுகிறேன்.

மே 19

முதலில் வாயு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். கரிக்குள் பெரிய அறை இருந்து அதில் வாயு அடைந்து கிடப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கரி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். அவற்றின் சுவரில் மீத்தேன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே உள்ள பாறையும் நீரும் அழுத்திக்கொண்டிருக்கும் வரை அது அசையாது. அழுத்தம் குறைந்தால் பிரிந்து, வெடிப்புகள் வழியாக வெளியே வரும். கரியை வெட்டும்போது நாம் செய்வதே அழுத்தத்தைக் குறைப்பதுதான். அதனால் வெட்ட வெட்ட வாயு வரும்.

காற்றில் 5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை மீத்தேன் கலந்திருந்தால் வெடிக்கும். ஒன்பதரை சதவீதம் பக்கம்தான் வெடிப்பு மிக மோசம். ஐந்துக்குக் கீழே இருந்தால் வெடிக்காது, பதினைந்துக்கு மேலே இருந்தாலும் வெடிக்காது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். இன்னொன்று, மீத்தேன் காற்றை விட லேசு, காற்றின் எடையில் பாதிக்குச் சற்று மேல். அதனால் கூரையை ஒட்டி நிற்கும். காற்றோட்டம் சரியில்லாத இடத்தில் கூரையோரம் ஒரு படலமாகத் தங்கிவிடும். நடுவில் நின்று அளந்தால் மீட்டர் சுத்தம் என்றுதான் காட்டும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, நிறையக் காற்றை உள்ளே அனுப்பி வாயுவைக் கரைத்து வெளியே தள்ளுவது. அது காற்றோட்டம். இரண்டாவது, வாயு சுரங்கக் காற்றில் கலக்கும் முன்பே துளை போட்டுக் குழாயில் பிடித்து வெளியே கொண்டுபோவது. அதுதான் மீத்தேன் வடிப்பு.

மே 20

முந்நூறு வருஷம் என்று எழுதியதற்கு ஆதாரம் எங்கே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் ஒயிட்ஹேவன் என்று ஒரு துறைமுக ஊர். சுரங்கங்கள் லோதர் குடும்பத்துடையவை. அவர்களுடைய மேலாளர் கார்லைல் ஸ்பெடிங், 1730 வாக்கில் கடலோரமாகச் சால்டம் பிட் என்ற குழியைத் தோண்டும்போது பெரிய வாயு ஊற்று ஒன்றில் போய் முட்டினார். அதை அடைத்து, ஒரு குழாய் வைத்து, மேலே கொண்டுவந்துவிட்டார். குழாய் வாயில் அது பல காலம் எரிந்துகொண்டே இருந்தது. 1733-ல் சர் ஜேம்ஸ் லோதர் அந்த வாயுவைத் தோல் பைகளில் நிரப்பி லண்டன் ராயல் சொசைட்டிக்கே அனுப்பி எரித்துக் காட்டவைத்தார். ஊரிலிருந்த வில்லியம் பிரௌன்ரிக் என்ற மருத்துவர் இதே வாயுவைத் தன் ஆய்வுக்கூடத்துக்குக் குழாய் வழியாகக் கொண்டுவந்து அடுப்பு எரித்தார். தெருவிளக்குக்குத் தருகிறேன் என்று ஸ்பெடிங் சொன்னாராம், ஊர் நிர்வாகம் வேண்டாம் என்றதாம்.

வாயு எரியும் என்று தெரியும். குழாயில் பிடிக்கலாம் என்றும் தெரியும். பிடித்துக் காட்டியும் விட்டார்கள். இவ்வளவும் 1733-ல். அதே ஸ்பெடிங் 1755-ல் சுரங்க வெடிப்பில்தான் இறந்தார்.

மே 20, இரவு

ஸ்பெடிங் பற்றி இன்னொரு விஷயம். மெழுகுவர்த்தி வாயுவைப் பற்றவைக்கிறது என்று, சிக்கிமுக்கிக் கல்லில் எஃகுச் சக்கரத்தை உரசவைத்துத் தீப்பொறி வெளிச்சத்தில் வேலை செய்யும் கருவி ஒன்றைச் செய்தவரும் அவர்தான். அதைச் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு ஒரு பையன் வேண்டும். அந்தப் பொறியும் வாயுவைப் பற்றவைத்தது. அதைச் சுற்றிய பையன்களை நினைத்தால் எனக்கு ஆறுவதில்லை.

மே 23

அடுத்தது 1844. இங்கிலாந்தில் டர்ஹம் மாவட்டத்து ஹாஸ்வெல் சுரங்கம், செப்டம்பர் 28. வெடிப்பில் 95 பேர் இறந்தார்கள், பையன்களும் சேர்த்து. தொழிலாளர் தரப்பு விடாமல் கேட்டதால் அரசாங்கம் இரண்டு விஞ்ஞானிகளை அனுப்பியது. ஒருவர் மைக்கேல் ஃபாரடே, மின்சாரத்துக்குப் பாடப் புத்தகத்தில் படிக்கிறோமே, அவரேதான். இன்னொருவர் நிலவியல் அறிஞர் சார்லஸ் லயல். ஃபாரடே சுரங்கத்துக்குள் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தபடி, வெடிமருந்தை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார். நீங்கள் உட்கார்ந்திருப்பதே அந்த மூட்டைதான் என்று சொன்னார்கள். பக்கத்தில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. இதை லயல் பின்னால் சொல்லியிருக்கிறார்.

அவர்கள் அறிக்கையில் இரண்டு முக்கியமான விஷயம். கரித்தூளும் வெடிப்பில் சேர்ந்து எரிகிறது என்று எழுதினார்கள். அப்புறம், கரி எடுத்துவிட்டு விட்டுவந்த வெற்றிடம், அதைக் கோஃப் என்போம், அங்கேதான் வாயு தேங்குகிறது, அதற்குள் குழாய் போட்டு வாயுவை உறிஞ்சி வெளியே விடுங்கள் என்றார்கள். இன்றைக்கு நாம் செய்யும் கோஃப் வடிப்பு அதுதான். 1845-ல் அச்சில் வந்துவிட்டது. சுரங்க முதலாளிகள் தரப்பு, நடைமுறைக்கு ஒத்துவராது, செலவு தாங்காது என்று பதில் எழுதியது. கரித்தூள் விஷயத்தையும் கிடப்பில் போட்டார்கள். 1906-ல் பிரான்சில் கூரியேர் சுரங்கத்தில் 1,099 பேர் இறந்த வெடிப்பைப் பரப்பியது கரித்தூள்.

மே 24

நேற்று எழுதியதற்கு ஒரு வாசகர் நியாயமாக ஒன்று கேட்டார். 1845-ல் அதைச் செய்யக் கருவி இருந்ததா? அந்தப் பக்கத்தையும் எழுதத்தான் வேண்டும். நல்ல துளையிடும் இயந்திரம் இல்லை. பாறைக்கும் குழாய்க்கும் இடையே காற்றுப் புகாமல் அடைக்கும் முறை இல்லை. தீப்பொறி வராத உறிஞ்சு பம்பு இல்லை. அந்தக் காலத்துக் காற்றோட்டமே குழி அடியில் நெருப்பு மூட்டி, சூடான காற்று மேலே போகும் இழுப்பை வைத்து நடந்தது. இதையெல்லாம் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அடுத்த நூறு வருஷத்தில் ரயில் வந்தது, தந்தி வந்தது, மின்சாரம் வந்தது. இந்தக் குழாய்க்கு மட்டும்தானா யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை?

மே 26

"டேவி விளக்கு வந்ததும் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று பள்ளியில் படித்தோமே?"

தீரவில்லை. 1812-ல் இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் 92 பேர் இறந்த பிறகு கிளானி, ஸ்டீவன்சன், டேவி என்று மூவரும் தனித்தனியாக, வாயுவைப் பற்றவைக்காத விளக்குச் செய்தார்கள். டேவியின் கம்பிவலை விளக்கு 1815. நல்ல கருவி, சந்தேகமே இல்லை. ஆனால் அது வந்த பிறகு என்ன நடந்தது? வாயு இருக்கிறது என்று மூடிப்போட்ட இடங்களுக்கெல்லாம், இப்போதுதான் விளக்கு இருக்கிறதே என்று ஆட்களை அனுப்பினார்கள். இன்னும் ஆழமாகப் போனார்கள். சாவு குறையவில்லை. பாதுகாப்புக்கு என்று வந்த கருவி எப்படி உற்பத்திக்கு அனுமதிச் சீட்டாக மாறுகிறது என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நான் வேலை பார்த்த காலத்திலும் இதைக் கண்ணால் பார்த்தேன்.

அந்த விளக்கை வைத்து வாயு பார்ப்பதை ஒரு முறை எழுதிவிடுகிறேன், இனி எழுத ஆளிருக்காது. திரியை மெல்லத் தாழ்த்த வேண்டும், மஞ்சள் சுடர் போய் அடியில் மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் நிற்கும் வரை. பிறகு விளக்கை நேராகப் பிடித்து, அவசரப்படாமல் கூரைப் பக்கம் உயர்த்த வேண்டும். வாயு இருந்தால் அந்தக் கோட்டின் மேல் நீலமாக ஒரு தொப்பி எழும். ஒன்றேகால் சதவீதத்தில் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். மூன்றை நெருங்கும்போது முழு முக்கோணமாக நிற்கும். அதைப் பார்த்தவுடன் விளக்கை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, எப்படி ஏற்றினோமோ அப்படியே மெல்ல இறக்க வேண்டும். எனக்குக் கற்றுத்தந்த சர்தார், அதாவது ஷிஃப்ட் மேற்பார்வையாளர், முக்கோணம் நின்றபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்குவார். கேட்டால் சிரிப்பார். பழக்கம் அப்படி.

ஜூன் 4

சரி, முறையான வடிப்புக்கு வருகிறேன். 1943, ஜெர்மனியின் ரூர் பகுதி, மான்ஸ்ஃபெல்ட் சுரங்கம். ஒழுங்கான ஏற்பாடாக, தொடர்ந்து துளை போட்டு வாயு வடித்தது அங்கேதான் முதலில் என்று எல்லாச் சுரங்கப் புத்தகத்திலும் இருக்கும். வருஷத்தைப் பாருங்கள், உலகப் போர் நடுவில். தொழிலாளி மேல் திடீரென்று பரிவு வந்த காலம் அல்ல அது. நிலக்கரி அதிகம் வேண்டும், வாயு வெட்டை நிறுத்துகிறது, அதனால் வாயுவை எடுத்தார்கள். பிடித்த வாயு எரிபொருளாகவும் பயன்பட்டது. போருக்குப் பின் 1940-களின் கடைசியிலும் 50-களிலும் பிரிட்டனுக்கு வந்தது. வடக்கு வேல்ஸில் பாயின்ட் ஆஃப் ஏர், அப்புறம் ஒயிட்ஹேவனில் ஹெய்க் சுரங்கம். ஸ்பெடிங் குழாய் வைத்த அதே ஊருக்கு வாயு வடிப்புத் திரும்ப வர இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஏன் அந்தக் காலத்தில் கட்டாயமானது என்பதற்கு லாங்வால் முறை காரணம். நூறு இருநூறு மீட்டர் நீளத்துக்குக் கரிமுகத்தை, அதாவது கரி வெட்டும் சுவரை, ஒரே வீச்சில் இயந்திரம் அறுத்துக்கொண்டு போகும். பின்னால் கூரை இடிந்து விழும். விழும்போது மேலே நூறு மீட்டருக்கும் அதிகமாகப் பாறையில் வெடிப்பு ஓடும், கீழேயும் தளரும். மேலேயும் கீழேயும் வேறு கரிப்படுகைகள் இருக்குமல்லவா, அவற்றில் இருக்கும் வாயுவும் இந்த வெடிப்புகள் வழியே கோஃபுக்குள் வந்து சேரும். பல சுரங்கங்களில் வெட்டும் படுகையை விட அக்கம்பக்கத்துப் படுகைகளிலிருந்து வருவதுதான் அதிகம். எவ்வளவு பெரிய மின்விசிறி வைத்தாலும் அதைக் கரைத்து மாளாது.

அதனால் காற்று வெளியேறும் பாதையில் நின்று, கோஃபுக்கு மேலே சாய்வாகத் துளை போடுவார்கள். துளை வாயில் சில மீட்டர் நீளத்துக்கு இரும்புக் குழாய் இறக்கிச் சிமெண்ட் ஊற்றி அடைப்பார்கள். அந்த அடைப்பில்தான் எல்லாம் இருக்கிறது. அங்கே கசிந்தால் வாயு வராது, சுரங்கக் காற்றுதான் வரும். குழாய்க்கு வால்வு, நீர் பிரியும் பானை, அப்புறம் பெரிய குழாய், மேலே தண்ணீர் வளையப் பம்பு. மே 19-ல் சொன்ன கணக்கு இங்கே வருகிறது. பம்பை அதிகமாக இழுக்கவிட்டால் வெடிப்புகள் வழியாகக் காற்றும் சேர்ந்து வந்து, குழாய்க்குள்ளேயே மீத்தேன் 15-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். குறைவாக இழுத்தால் வாயு கரிமுகத்துக்கு வரும். குழாயில் 30 சதவீதத்துக்குக் கீழே போகாமல் ஒவ்வொரு வால்வையும் திருகிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நல்ல துளை விழுந்த நாள் காதிலேயே தெரியும். துளையிடும் கம்பியைப் பின்னால் இழுக்கும்போது முதலில் தண்ணீர் துப்பும், கரிச்சேறு தெறிக்கும், அப்புறம் சீரான ஒரு சீற்றம். கையை வைத்தால் சில்லென்று இருக்கும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஷிஃப்டில் இருக்கிறவர்கள் தலைக்கு மேல் வர வேண்டியது இந்தக் குழாய்க்குள் வந்துவிட்டது என்ற சந்தோஷம்.

ஜூன் 5

ஜாரியாவில் நாங்கள் செய்த வடிப்பு சோதனை அளவில்தான், முழு ஏற்பாடு இல்லை. ஆரம்பத்தில் நன்றாகவே வந்தது. பிறகு கரிமுகம் முன்னேறிவிட்டது, பின்னால் இருந்த துளைகள் நசுங்கின, புதுத் துளை போட வேண்டிய இயந்திரத்தை வேறு பகுதிக்கு எடுத்துப் போனார்கள். கேட்டால் அடுத்த மாதம் என்பார்கள். அந்த இடைவெளியில் வாயு ஏறி, சென்சார் அடிக்கடி கரண்டை வெட்டியது. ஒரு நாள் இரவு ஷிஃப்டில் சென்சார் தலையில் பாலிதீன் பை கட்டியிருந்ததை நானே அவிழ்த்தேன். கட்டியவன் கெட்டவன் இல்லை. டன் கணக்கு வரவில்லை என்றால் அவனைத்தான் கேட்பார்கள். கேட்கும் முறை அப்படி இருந்தது. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை.

ஜூன் 11

தேவாலாவிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "அண்ணே, எங்க ஊர்ப் பழைய தங்கச் சுரங்கத்தில் ஆள் செத்தால் மீத்தேன்தான் காரணம் என்கிறார்கள், உண்மையா?"

தம்பி, அநேகமாக மீத்தேன் இல்லை. தேவாலா, பந்தலூர்ப் பக்கம் 1880 வாக்கில் தங்க மோகம் பிடித்து லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாக ஆரம்பித்தார்கள். பிரௌ ஸ்மித் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவரை வரவழைத்து அறிக்கையும் வாங்கினார்கள். சில வருஷத்தில் எல்லாம் படுத்துவிட்டது, குழிகள் மட்டும் மிச்சம். அங்கே வெள்ளைக்கல் நரம்பில் தங்கம், சுற்றிலும் பழைய கடினப் பாறை. கரிப்படுகை கிடையாது, அதனால் கரிவாயு வர வழியில்லை. அங்கே கொல்வது இரண்டு. ஒன்று இடிவது. இன்னொன்று பிராணவாயு இல்லாத காற்று. அழுகும் மரம், இலை, வேர், துருப்பிடிக்கும் தாது எல்லாம் பிராணவாயுவைத் தின்றுவிடும், கரியமில வாயு அடியில் தங்கும். மீத்தேன் மேலே நிற்கும் என்றேனே, இது கீழே நிற்கும். குனிந்தவன் எழமாட்டான். அவனைத் தூக்கப் போனவனும் எழமாட்டான். தங்கத்தூளுக்காக அதில் இறங்குகிற பையன்கள் இருந்தால் தயவுசெய்து கையைப் பிடித்து நிறுத்துங்கள். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் நீங்கள் இறங்காதீர்கள், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

ஜூன் 13

மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், குந்தா, பைக்காரா நீர்மின் சுரங்கங்களில் மீத்தேன் இருந்ததா என்கிறார். நீலகிரிப் பாறை சார்னோக்கைட் என்ற கரி இல்லாத பழைய கடினப் பாறை, இருக்க வாய்ப்பில்லை. அங்கே சுரங்கம் குடைந்தபோது பயப்பட வேண்டியது வெடி வைத்த பிறகு தங்கும் புகைக்குத்தான். ஆனால் தண்ணீர்ச் சுரங்கம் என்றால் மீத்தேனே வராது என்று நினைக்க வேண்டாம். 1984 மே மாதம் இங்கிலாந்தில் ஆபிஸ்டெட் என்ற இடத்தில், ஆற்று நீரை மாற்றிவிடும் நிலையத்தைப் பார்க்க ஆற்றோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். பம்பைப் போட்டதும் சுரங்கத்தில் தேங்கியிருந்த மீத்தேன் முன்னால் தள்ளப்பட்டு அறைக்குள் வந்து வெடித்தது. 16 பேர் இறந்தார்கள். ஆழத்துப் பாறையிலிருந்து நீரில் கரைந்து வந்த வாயு அது.

நீலகிரியில் மீத்தேன் பார்க்க வேண்டுமானால் மேட்டுச் சதுப்புகளில் பார்க்கலாம். ஊட்டிக்குப் பக்கம் சாண்டிநல்லாவில் இருக்கும் கரிமண் படிவம் இருபதாயிரம் வருஷத்துக்கும் பழையது. 1993-ல் ராமன் சுகுமார் குழுவினர் அதை வைத்து மலையின் பழைய மழைக்காலத்தையும் புல்வெளிகளையும் பற்றி ஆய்வு வெளியிட்டார்கள். வோல்டா 1776-ல் மீத்தேனைப் பிடித்ததும் இப்படி ஏரிச் சேற்றைக் கிளறித்தான். நம்மூர்ச் சதுப்பைக் கிளறிப் பார்க்க யாரும் கிளம்பிவிடாதீர்கள், ஏற்கனவே மிச்சம் கொஞ்சம்தான்.

ஜூன் 20

கூடலூரில் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்குகிறது என்று படம் போட்டிருந்தார்கள். மழை என்றால் எனக்குச் சுரங்கவாசலில் தொங்கும் பாரமானிதான் ஞாபகம். புயல் சின்னம் வந்து வெளியே காற்றழுத்தம் சட்டென்று இறங்கினால், கோஃபுக்குள் கிடக்கும் வாயு விரிந்து வேலை செய்யும் பாதைக்குள் வரும். வங்காள விரிகுடாவில் தாழ்வு என்று ரேடியோவில் கேட்டால் மூடிய பகுதிகளின் சுவர்களை ஒரு தடவை கூடுதலாகப் பார்த்துவிட்டு வருவேன். வடிப்பு நன்றாக நடக்கிற சுரங்கத்தில் இந்தப் பதற்றம் பாதியாகக் குறைந்துவிடும். காற்றோட்டத்தை மட்டும் நம்பியிருக்கும் சுரங்கத்தில் குறையாது.

ஜூன் 27

இந்தியாவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. நம் விதிகளில் கரிப்படுகைகளை மூன்று தரமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு டன் கரிக்கு ஒரு கன மீட்டருக்குள் வாயு வந்தால் முதல் தரம், ஒன்றிலிருந்து பத்து வரை இரண்டாம் தரம், பத்துக்கு மேல் மூன்றாம் தரம். காற்றில் மீத்தேன் ஒன்றேகால் சதவீதம் தாண்டினால் மின்சாரத்தை வெட்ட வேண்டும். எழுத்தில் நல்ல விதிகள். ஆனால் வெடிப்புச் சாவுகள் நிற்கவில்லை. 1958-ல் சினாக்குரியில் 170-க்கும் மேற்பட்டவர்கள். 1965-ல் தோரியில் 268 பேர், அங்கே கரித்தூள். 1976-ல் சுதாம்டி. 2006-ல் பாட்டடி, சுமார் 50 பேர். பெரும்பாலும் பீகார், ஜார்க்கண்ட், வங்காளத்து ஏழைகள். நம்மூர்ப் பத்திரிகையில் ஓர் ஓரத்தில் வந்து போயிருக்கும்.

வடிப்பு இங்கே பெரிதாக வளரவில்லை. முக்கியக் காரணம், இந்தியா திறந்தவெளிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. நிலத்தடிச் சுரங்கத்தின் பங்கு வருஷா வருஷம் குறைந்தது. ஐ.நா. உதவியோடு மூனிடியிலும் சுதாம்டியிலும் செயல்விளக்கத் திட்டம் நடந்தது, எடுத்த வாயுவில் மின்சாரமும் எடுத்துக் காட்டினார்கள். அதைத் தொடர்ந்து எல்லா மூன்றாம் தரச் சுரங்கத்துக்கும் கொண்டுபோயிருக்க வேண்டும் என்பது என் கருத்து. சீனாவில் ஷான்சி மாகாணத்துச் சீஹே சுரங்கத்தில், வடித்த வாயுவில் 120 மெகாவாட் மின் நிலையமே ஓடுகிறது.

வடிப்புக் குழாய் போட்டுவிட்டால் மட்டும் போதுமா என்று ஒருவர் கேட்டார். போதாது. 2010 நவம்பரில் நியூசிலாந்தின் பைக் ரிவர் சுரங்கத்தில் 29 பேர் இறந்தார்கள். அங்கே வடிப்பு இருந்தது. வந்த வாயுவுக்குக் குழாய் போதவில்லை. கரி எடுக்கும் அவசரத்தில் அதைச் சரிசெய்யாமல் ஓட்டினார்கள். மே 26-ல் விளக்கைப் பற்றி எழுதியது இங்கேயும் அப்படியே பொருந்தும்.

ஜூலை 2

குன்னூர் நண்பருக்கு, இனி டெல்டா. சுரங்கத்தில் கரியை வெட்டுவதே அழுத்தத்தைக் குறைக்கிறது. வெட்டாமல் வாயுவை மட்டும் எடுக்க வேண்டுமென்றால் படுகையில் இருக்கும் நீரை இறைத்துத்தான் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். 1997-ல் இதற்கு மத்திய அரசு கொள்கை வகுத்தது, 2007-ல் ராணிகஞ்சில் வணிக உற்பத்தி தொடங்கியது. அங்கே பல ஆண்டுகளாகச் சுரங்கம் நடந்த நிலம். மன்னார்குடி வட்டாரம் 691 சதுர கிலோமீட்டர், நெல் நிலம், கடல் பக்கம், நிலத்தடி நீரை நம்பியே பிழைக்கும் ஊர்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக எவ்வளவு நீரை இராப்பகலாக இறைக்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தஞ்சை விவசாயி ஏன் பயந்தார் என்று விளங்கும். நம்மாழ்வார் ஐயா அந்தப் போராட்டக் களத்தில்தான் 2013 டிசம்பர் 30 அன்று உயிர்விட்டார். 2020-ல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டமும் ஆனது.

நான் வாயு வடிப்பை வாழ்நாள் முழுக்க ஆதரித்தவன், அதே மூச்சில் டெல்டாத் திட்டத்தை எதிர்க்கிறேன். இதில் எனக்கு முரண் எதுவும் தெரியவில்லை. ஓரிடத்தில் ஆட்கள் ஏற்கனவே உள்ளே இருக்கிறார்கள், வாயுவை எடுக்காவிட்டால் சாவார்கள். இன்னோரிடத்தில் வாயு தன்பாட்டுக்குக் கிடக்கிறது, எடுத்தால்தான் மேலே இருப்பவர்களுக்குக் கஷ்டம்.

ஜூலை 9

பூமி சூடாவது பற்றி ஏன் எழுதவில்லை என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார். கேட்டது நல்லது. நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு சூடேற்றும், இருபது ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய 80 மடங்கு. வடித்த வாயுவை எரிக்காமல் அப்படியே வானத்தில் விடுகிற சுரங்கங்கள் இன்னும் உண்டு. குறைந்தபட்சம் கொளுத்தியாவது விட வேண்டும். பெரிய தலைவலி காற்றோட்டத்தில் கலந்து போகும் வாயு. அது ஒரு சதவீதத்துக்கும் கீழே, ஆனால் வெளியேறும் காற்றின் அளவு பிரம்மாண்டம். ஆஸ்திரேலியாவில் வெஸ்ட் கிளிஃப் சுரங்கத்தில் 2007 முதல் அந்த நீர்த்த வாயுவையே சூட்டில் எரித்து மின்சாரம் எடுத்துக் காட்டினார்கள். சுரங்கத்தை மூடினாலும் வாயு நிற்காதம்மா. இங்கிலாந்தில் ஆர்க்ரைட் டவுன் என்ற சுரங்க ஊரில் 1988-ல் மூடிய சுரங்கத்து மீத்தேன் வீடுகளுக்குள் வந்து, கடைசியில் ஊரையே பக்கத்தில் வேறு இடத்துக்கு மாற்றிக் கட்டினார்கள்.

ஜூலை 15

கோத்தகிரியிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். மகன் மைனிங் டிப்ளமோ முடித்து வடக்கே நிலத்தடிச் சுரங்கத்தில் வேலைக்குப் போகிறானாம், அனுப்பலாமா என்கிறார். அனுப்புங்கள் அக்கா. நல்ல வேலை, நல்ல சம்பளம், உடன் வேலை செய்பவர்கள் தங்கமானவர்கள். ஆனால் போனவுடன் சில விஷயம் அவனைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். படுகை எத்தனையாவது தரம்? மூன்றாம் தரம் என்றால் வடிப்பு இருக்கிறதா, பம்பு ஓடுகிறதா, கடைசித் துளை எப்போது போட்டார்கள்? மீத்தேன் மீட்டரைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள்? ஆபத்தில் மூச்சுவிட உதவும், இடுப்பில் மாட்டும் செல்ஃப் ரெஸ்க்யூவரைப் பழகிப் பார்க்கக் கொடுக்கிறார்களா, பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார்களா? இதையெல்லாம் புதுப்பையன் கேட்டால் முறைப்பார்கள், முறைக்கட்டும். சென்சாரில் பை கட்டச் சொன்னால் கட்ட வேண்டாம் என்று நீங்களே சொல்லி அனுப்புங்கள், அம்மா சொன்னது மனதில் நிற்கும். கிளம்பும் முன் ஒரு நாள் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். என்னிடம் பழைய விளக்கு ஒன்று இருக்கிறது. திரியைத் தாழ்த்திப் பிடிக்கவும், பதறாமல் இறக்கவும் பழக்கித் தருகிறேன்.